உலகப் போக்காகிப்போன அக்காவின் வாஷிங் மெஷின்

அடிலெய்டு,
ஆகஸ்ட் 19, திங்கள்

போர்ட் டிரெனன் ஊரில் இருக்கும் என் அன்புள்ள மெர்ல் அக்காவுக்கு, தம்பி கிளெம் எழுதிக்கொள்வது.

நான் சுகமாக இருப்பதாக எழுதுவதுதான் முறை என்பதால் அப்படியே வைத்துக்கொள். முழங்கால் பழையபடிதான். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஊரில் வடக்குக் காற்று அடங்கிவிட்டதா, படகுத்துறையில் வைட்டிங் மீன் விழுகிறதா, ஆல்பி அத்தான் இறந்த பிறகு அவருடைய படகை விற்கப் போவதாகச் சொன்னாயே, விற்றாயா, இல்லை இன்னும் கொட்டகையில்தான் கிடக்கிறதா என்பதையெல்லாம் சாவகாசமாக எழுது. நான் இப்போது கேட்க வந்தது வேறு. மூன்று நாளாக உனக்குப் போன் செய்கிறேன். மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. மின்னஞ்சல் நீ பார்க்க மாட்டாய். ஆகவே முப்பது வருஷத்துக்குப் பிறகு பேனா பிடித்து எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்.

அக்கா, உன் வாஷிங் மெஷின் விஷயமாக நான் பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. முழுவதும் படித்துவிட்டுச் சிரி.

முதலில் என் உத்தியோகம் என்ன என்பதை இந்த ஒரு தடவையாவது நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஊர் முழுக்க நீ எனக்கு வானிலை அலுவலகத்தில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறாய். போன ஈஸ்டருக்கு வந்தபோது ரொட்டிக்கடையில் இறைச்சிப் பாஸ்டி வாங்க நின்றவனை மூன்று பேர் பிடித்துக்கொண்டு, விதைப்புக்கு முன்னால் மழை உண்டா என்று கேட்டார்கள். எனக்கு மழையைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் இருப்பது அரசாங்கத்தின் எதிர்காலக் குறிப்புப் பிரிவு. உலகத்தில் எங்கே என்ன புதிதாக முளைக்கிறது, எந்தத் தொழில்நுட்பம் பத்து வருஷம் கழித்து நம் தலையில் வந்து விழும், ஜனங்கள் எந்தப் பழக்கத்தை விட்டு எந்தப் பழக்கத்துக்குத் தாவுகிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பதிவு செய்வது எங்கள் வேலை. இன்னும் யாரும் கவனிக்காத சின்ன விஷயத்துக்கு எங்கள் தொழிலில் ‘மெல்லிய அறிகுறி’ என்று பெயர். ஆளுக்கு வாரத்துக்கு நான்கு மெல்லிய அறிகுறி, வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் பதிவேட்டில் ஏற வேண்டும். பதினொரு வருஷமாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். அதில் அப்படியே பலித்தது ஒன்றுதான், எங்கள் கான்டீனை மூடிவிடுவார்கள் என்று நான் எழுதியது.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மணி பதினொன்றே முக்கால். காளானில் செய்த கைப்பை, பேசுகிற குளிர்சாதனப் பெட்டி, கூரையில் கோதுமை விளைவிக்கிற ஒரு டச்சு ஊர் என்று மூன்றை ஏற்றிவிட்டு நான்காவதுக்கு வழியில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நீ போன் செய்தாய். என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது, ஏனென்றால் எழுத்தில் இருக்கிறது.

“மெஷின் படுத்துடுச்சுடா. கேரவன் பார்க் லாண்டரிக்குத்தான் துணிய எடுத்துட்டுப் போறேன். நானு, வில்மா, அந்த டோர்த்தி, கோதுமை சிலோ பக்கத்து வீட்டு ஈனிட், நாலு பேரும் சேந்துக்கறோம்” என்றாய்.

“ஆளக் கூப்பிட்டு ரிப்பேர் பண்ண வேண்டியதுதானே?” என்றேன்.

“பண்ணலாம். பாப்போம்” என்று சொல்லிவிட்டு, நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல், வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு பதிவேட்டைத் திறந்து நான்காவது அறிகுறியை எழுதினேன். ‘கடலோரச் சிற்றூரில் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் வீட்டு இயந்திரத்தைக் கைவிட்டுப் பொதுத் துவைப்பிடத்துக்குத் திரும்புகிறார்கள். கவனிக்கப்பட்டவர்கள் எண்ணிக்கை நான்கு. திசை, ஏறுமுகம். தகவல் தந்தவர், களத் தொடர்பாளர்.’ களத் தொடர்பாளர் என்றால் நீதான். அறிகுறியின் வலு என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று போட்டேன். பூஜ்யம் போட முடியாது, அந்தக் கட்டம் ஒன்றில்தான் தொடங்குகிறது. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. அத்தோடு மறந்தும் போனேன்.

எங்கள் பதிவேட்டை மற்ற நாட்டு ஆட்களும் பார்ப்பார்கள், அவர்களுடையதை நாங்களும் பார்ப்போம். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமை உண்டு, அவர்களுக்கும் நான்கு வேண்டும். இதைப் பதினொரு வருஷமாக நான் யோசித்துப் பார்த்ததில்லை. ஏப்ரலில் வெலிங்டனில் இருக்கும் ஓர் ஆலோசனை நிறுவனம் உன் லாண்டரியைத் தன் அறிக்கையில் எடுத்துப் போட்டது. நான் ‘நான்கு பெண்கள்’ என்று எழுதியதை அவர்கள் ‘கேட்கப்பட்ட நால்வரில் நால்வரும்’ என்று ஆக்கினார்கள். பொய் என்று சொல்ல முடியாது. மே மாதம் பின்லாந்தில் ஒரு ஆய்வு மையம் வெலிங்டனைப் பார்த்து, ‘தென்கோளத்தில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு நூறு பேர்’ என்று எழுதியது. அதுவும் பொய்யில்லை பார். ஜூனில் சிங்கப்பூரில் நடந்த மாநாட்டில் ஒருவர் மேடையேறி அதற்கு ‘மறுகூடல் துவைப்பு’ என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் ஒரு விஷயத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதை யாராலும் கொல்ல முடியாது. அந்தப் பெயரில் ஒரு படம் வேறு போட்டுக் காட்டினார்களாம், மலையேறுகிற கோடு மாதிரி. அந்தக் கோட்டின் அடியில் கூடையோடு நிற்பது நீயும் வில்மாவும் டோர்த்தியும் ஈனிடும்தான்.

எங்கள் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று மூலங்கள் ஒரே விஷயத்தைச் சொன்னால் மெல்லிய அறிகுறி ‘உறுதியான போக்கு’ ஆகிவிடும். முதலில் பதிவு செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அது திட்டமாக நடக்கத் தொடங்கிவிடும். ஜூலை மாதம் என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. வெலிங்டன், பின்லாந்து, சிங்கப்பூர், மூன்று மூலம். எனக்கும் நம்பிக்கையாகத்தான் இருந்தது அக்கா, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அரை நாள் நான் நிஜமாகவே நினைத்தேன், அடடா, உலகம் இந்தப் பக்கமா திரும்புது, நமக்குத் தெரியவே இல்லையே என்று. மத்தியானம் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு பின்லாந்து அறிக்கையின் அடிக்குறிப்புகளைப் படித்தேன். நாற்பத்தொன்றாவது அடிக்குறிப்பு வெலிங்டனுக்குப் போனது. வெலிங்டன் பன்னிரண்டாம் பக்கத்தில் ‘தெற்கு ஆஸ்திரேலியக் களத் தொடர்பாளர்’ என்று இருந்தது. சாண்ட்விச்சைத் தாளில் சுற்றி வைத்துவிட்டேன். மூன்று நதியும் எங்கே புறப்பட்டன என்று போய்ப் பார்த்தால் உன் சலவை அறையில் கொண்டுபோய் விடுகிறது.

எங்கள் பிரிவில் பிரிசில்லா ஃபென்விக் என்று ஒரு விஞ்ஞானி இருக்கிறாள். சிக்கலான அமைப்புகளைப் பற்றிப் படித்தவள். எறும்புக் கூட்டம், போக்குவரத்து நெரிசல், பங்குச் சந்தை, எல்லாவற்றையும் புள்ளியும் கோடுமாகப் போட்டு, சின்னது எப்படிப் பெரிதாகிறது என்று காட்டுவாள். நல்ல பெண். யாரிடமாவது சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“கிளெம், உண்மையாவா? எல்லாம் உங்க அக்காகிட்டேருந்தா?”

“என் அக்காகிட்டேருந்துகூட இல்ல. அவ மெஷின்லேருந்து.”

“ஐயோ, இது அத விட நல்லா இருக்கே” என்றாள். “இது சுழல். ஒண்ணு இன்னொண்ணத் தூக்கி விட்டு, அது திரும்பி வந்து இதத் தூக்கி விடுது. இத்தன வருஷமா இப்படி ஒண்ணு கையில சிக்காதான்னு தேடிக்கிட்டிருக்கேன்.”

“பிரிசில்லா, இது தப்புன்னு சொல்ல வந்தேன்.”

“தப்பா இருந்துச்சு. இப்ப இல்ல. பின்லாந்துல அந்த அறிக்கையப் படிச்சுட்டு மூணு ஊர்ல நெசமாவே பொது லாண்டரி தொறந்துட்டாங்க. கூட்டம் அலமோதுதாம். எங்க ஆரம்பிச்சதுன்னு இனிமே யாரு கேக்கப் போறா? அது தானா ஓடுது.”

நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் அதற்குள் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தாள். நடுவில் இருந்த பெரிய புள்ளிக்கு ‘மெ’ என்று பெயர் எழுதியிருந்தாள். உன் பெயரின் முதல் எழுத்து.

அடுத்து எங்கள் தலைவி ஹேபர்ஃபீல்டிடம் போனேன். பிப்ரவரியில்தான் வந்தாள், முப்பத்தொன்பது வயது, வேகமாக நடப்பாள். நான் கதவைச் சாத்தியதுமே ராஜினாமா என்று நினைத்து முகம் மலர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சுருங்கிப் போனது.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“பிரிசில்லாகிட்ட.”

“அவ பரவால்ல, அவ சொன்னா யாருக்கும் புரியாது.” பிறகு சொன்னாள், “கிளெம், உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் பதினாலு மாசம். எனக்கு இன்னும் இருவது வருஷம் இருக்கு. செப்டம்பர்ல இந்தப் பிரிவ வச்சுக்கறதா மூடறதான்னு பாக்கறாங்க. இத்தன வருஷத்துல நாம மொத மொத கண்டுபிடிச்சு ஒலகமே பின்னாடி வந்தது இது ஒண்ணுதான். இதயும் போய்ப் பொய்யின்னு சொல்லப் போறீங்களா?”

அவள் மேஜையில் இருந்த ஒரு வரைபடத்தை என் பக்கம் திருப்பினாள். மாதிரி ஊராக போர்ட் டிரெனனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போக்கு பிறந்த ஊராம். கேரவன் பார்க்கில் இருக்கும் அந்தத் தகர லாண்டரியை இடித்துவிட்டு, அங்கே கண்ணாடியில் ஒரு கட்டடம் வரப்போகிறது. பெயர் ‘மறுகூடல் மையம்’. உள்ளே யார் எத்தனை நிமிஷம் யாரோடு பேசுகிறார்கள் என்று சுவரில் இருக்கும் கருவி அளக்கும். துவைக்கும் நேரத்தை முன்கூட்டியே போனில் பதிவு செய்ய வேண்டும். உட்கார இடம் கிடையாது, ஏனென்றால் நின்று பேசினால் ‘கலப்பு’ அதிகமாகிறதாம், அதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, அதன் அடிக்குறிப்புகளைப் படிக்க எனக்குத் தெம்பில்லை. ஈனிடுக்கு இடுப்பு எலும்பு மாற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவள் எங்கே நின்று கலப்பது?

வரும் வியாழன் இல்லை, அதற்கு அடுத்த வியாழன் மாலை நான்கு மணிக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அதற்கடுத்த திங்கட்கிழமை லாண்டரி இடிபடும். போடாவிட்டால் இந்தப் பிரிவை மூடுவார்கள், ஹேபர்ஃபீல்டும் பிரிசில்லாவும் இன்னும் நான்கு பேரும் வேலைக்கு அலைய வேண்டும், நான் உலகம் பூராவும் அக்காவின் வாஷிங் மெஷினைப் பார்த்து எதிர்காலம் சொன்னவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். பத்து நாளாகத் தூக்கமில்லை. யோசித்து யோசித்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பெரிய தைரியம் என்று நினைக்காதே. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் வெறும் வாயால் சொன்னால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள், மூன்று மூலம் கேட்பார்கள். ஆகவே உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். ‘மார்ச் மாதம் என் வாஷிங் மெஷின் பழுதானது. அந்த ஒரே காரணத்தால்தான் பொது லாண்டரிக்குப் போனேன். மெஷின் ஓடியிருந்தால் போயிருக்கவே மாட்டேன்’ என்று எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. ஒரு வார்த்தை கூட்டாதே. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கேமராவோடு இரண்டு பேர் உன்னைத் தேடி வருவார்கள். அவர்களிடமும் இதையே சொல். டீ கொடுக்காதே, உட்காரச் சொல்லாதே, உனக்கு ஆள் வந்தால் வாய் நிற்காது. லாண்டரியில் நீங்கள் நால்வரும் சீட்டாடுவது, டோர்த்தி கேக் கொண்டுவருவது, காய்ந்த பிறகும் மூன்று மணி நேரம் கிளம்பாமல் கிடப்பது, இதையெல்லாம் எடுத்து விட்டாயானால் ஹேபர்ஃபீல்ட் அதை அப்படியே மேடையில் போட்டுக் காட்டுவாள்.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு மாசமா ஒரு மெஷின ரிப்பேர் பண்ணாம வச்சிருக்கறது என்ன பழக்கம் அக்கா? உங்க ஊர்லயே கார்த் பாஸ்கோ இருக்கான், கூப்பிட்ட குரலுக்கு வருவான். ஒரு பெல்ட் போயிருக்கும், அரை மணி நேர வேலை. அத நீ அன்னிக்கே பண்ணியிருந்தா இன்னிக்கு பின்லாந்துல மூணு ஊரு நிம்மதியா அவங்கவங்க வீட்டுல துவைச்சிக்கிட்டு இருந்திருக்கும். கோபத்தில் எழுதவில்லை. களைப்பில் எழுதுகிறேன். பழுதுபார்த்த சீட்டு ஒன்று இருந்தால் அதுவும் ஒரு மூலமாகும் என்பதால் கார்த்திடமும் நானே பேசிக்கொள்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். வில்மா, டோர்த்தி, ஈனிட் மூவருக்கும் என் விசாரிப்புகளைச் சொல்லு, காரணம் சொல்லாதே. கடவுள் உனக்கு நல்ல வெயிலும் நல்ல கொடிக்கயிறும் தரட்டும்.

உன் தம்பி,
கிளெமென்ட் டிரிவார்த்தா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் கார்த்துக்குப் போன் செய்தேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“மெர்ல் வீட்டு மெஷினா? அதுக்கு ஒண்ணுமே இல்லையேங்க. மார்ச்சுல கூப்பிட்டாங்க, சத்தம் வருதுன்னு. போய் ரெண்டு தடவ ஓட்டிப் பாத்தேன், ஜம்முனு ஓடுச்சு. சரி வந்தது வந்தாச்சுன்னு டீ போட்டாங்க. அதுக்கப்புறம் அஞ்சு தடவ கூப்பிட்டுட்டாங்க. நான் போயி பின்பக்க மூடியக் கழட்டி வச்சிட்டு ஒக்காந்துடுவேன். அவங்க ஆல்பியப் பத்திப் பேசுவாங்க. பேசி முடிச்சாங்கன்னா மூடிய மாட்டிட்டு வந்துடுவேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே.”

எனக்குத் தெரியாது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன், கை ஓடவில்லை. உன் தம்பி எவ்வளவு பெரிய மடையன் என்று உனக்கும் தெரியட்டும் என்று அப்படியே அனுப்புகிறேன். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. பதிவேட்டில் நான் எழுதியது பொய்யில்லை, மெஷினை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். ஏன் என்று மட்டும் நான் கேட்கவில்லை. நீ ‘பாப்போம்’ என்று சொன்னபோது எனக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது.

வியாழக்கிழமை கையெழுத்துப் போடுவேன். போக்கு உண்மை என்றுதான் போடுவேன். ஆனால் பரிந்துரைக் கட்டத்தில், கண்ணாடியும் வேண்டாம் கருவியும் வேண்டாம், அந்த லாண்டரியில் ஒரு ஆணியைக்கூட யாரும் தொடக் கூடாது, முடிந்தால் ஈனிடுக்கு முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று எழுதுவேன். ஹேபர்ஃபீல்ட் குதிப்பாள், குதிக்கட்டும். பிரிசில்லாவிடம் இப்போதுதான் போனில் கேட்டேன், எனக்காகப் பேசுவதாகச் சொன்னாள். யாருக்கும் புரியாது, இருந்தாலும் பேசுவாள்.

கேமராக்காரர்கள் வந்தால் டீ கொடு.

கையெழுத்துப் போட்ட கையோடு அந்தச் சனிக்கிழமை காலையில் புறப்பட்டு வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன், எனக்காக நீ வீட்டில் காத்திருக்க வேண்டாம் அக்கா. நேரே லாண்டரிக்கு வருகிறேன்.